அப்டேட் பண்ணலாமா, மச்சான்?

மச்சான்,

உன் கடைக் கீபோர்டில் மூன்று விசைகளின்மேல் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா தன் பொட்டு அட்டையிலிருந்து எடுத்து ஒட்டியது. கையழுக்கு ஏறி ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு, உன் கடைக்குப் போயிருந்தேன். அவள் டீ வாங்கப் போன நேரத்தில் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மூன்றிலும் வேறு எழுத்துதான் விழுந்தது. விழும் என்று தெரிந்தேதான் அழுத்தினேன். சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகும் அது தீரவில்லை. பேச ஆளில்லாததால் எழுதுகிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் நீ. நான் பாட்டுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கட்டண ரசீது அடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பழசாகிப் புது விண்டோஸ் ஏறாது என்றாகி, எல்லாவற்றையும் எடைக்குப் போடலாம் என்று நிர்வாகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு பென்டிரைவோடு கடலூரிலிருந்து வந்தாய். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முதல் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாத லினக்ஸ் ஓடியது. தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்து, “இது நல்லாருக்கே, எவ்வளவு?” என்று கேட்டார். நீ, “ஒரு டீ சொல்லுங்க சார், போதும்” என்றாய். அவர் டீயோடு வடையும் சொன்னார். அந்த வடைக்காகத்தான் நீ மறுபடி மறுபடி வந்தாய் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

லினக்ஸில் பல வகை உண்டு, டிஸ்ட்ரோ என்பாய்; உனக்கு ஒன்றிலும் கால் தரிக்காது. உபுண்டுவில் இருந்தாய், மின்ட்டுக்குப் போனாய், டெபியனுக்குப் போனாய், பெயர் வாயில் நுழையாத ஒன்றுக்குப் போய்விட்டு மறுபடியும் மின்ட்டுக்கே வந்தாய். வருஷா வருஷம் வாடகை வீடு மாறுகிறவனைப் போல மூட்டை கட்டிக்கொண்டே இருந்தாய்.

“இதுல இன்னாடா கொறச்சல் உனக்கு?” என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன்.

“கொறச்சல் ஒண்ணுமில்ல மச்சான். அதுல இன்னா இருக்குதுன்னு நாம பாத்தாத்தான நாலு பேருக்கு சொல்ல முடியும்” என்றாய்.

அந்த நாலு பேர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஒரு ஞாயிறு கடலூரில், இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா கோயில் பக்கத்துக் கூடத்தில் கூடுவோம். அடுத்த ஞாயிறு சிதம்பரத்தில், தெற்கு வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். யாரும் படித்த இன்ஜினியர் இல்லை. மாதா கோயிலின் பங்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வருவார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடும் நாராயணசாமி தன் கம்ப்யூட்டரைச் சாக்குப்பையில் கட்டி, வண்டியின் முன்னால் வைத்து, கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிக்கொண்டு வருவார். “எம் பொட்டியில சவுண்டு போச்சுங்க. பாட்டு கேக்கலன்னாகூட பரவால்ல, பேத்தி வீடியோ கால்ல பேசுறது கேக்கமாட்டேங்குது” என்பார். பிரிண்டர் அடிக்கவில்லை, வைஃபை விட்டு விட்டு வருகிறது, எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று ஆளுக்கொரு குறை இருக்கும். நீ ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாய். பேச்சு முடியும்போது வேலையும் முடிந்திருக்கும்.

நம் கூட்டத்தில் ஒரு வழக்கம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. யாருடைய திரையில் அப்டேட் அறிவிப்பு வந்தாலும் உடனே அழுத்த மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் “பண்ணலாமா?” என்று ஒரே ஒரு வார்த்தை போடுவார்கள். நீ உன் பழைய லேப்டாப்பில் அதை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு “பண்ணு” என்பாய், அல்லது “நில்லு” என்பாய். காரணம் சொல்ல மாட்டாய். “நில்லு” என்றால் நெல்லிக்குப்பத்திலிருந்து புவனகிரி வரைக்கும் அத்தனை கம்ப்யூட்டரும் நிற்கும். இரண்டு நாளில் “ம், இப்ப பண்ணு” என்று வரும், எல்லோரும் பண்ணுவோம். உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் அப்டேட் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக் இணையக் கருத்துக்களத்தில் புலம்பிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் நோகாமல் நுங்கு தின்றுகொண்டிருந்தோம். நோவு முழுக்க உன்னுடைய லேப்டாப்புக்கு.

நீ சொல்லித் தந்ததில் என் மண்டையில் ஏறியது ஒன்றுதான். லினக்ஸில் நம்முடைய பொருள்களுக்கு என்று ஹோம் என ஓர் இடம் இருக்கிறது. அது போக மற்றதெல்லாம் சிஸ்டத்தின் இடம். “ஊட்டு சாமான ஊட்டுல வை. சத்திரத்துல வைக்காத. சத்திரக்காரன் என்னைக்கு வேணாலும் பெருக்கித் தள்ளிடுவான்” என்று ஞாயிறுதோறும் ஓதுவாய். யாராவது சிஸ்டத்துக் கோப்பில் கைவைத்துவிட்டால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உபதேசியாரைக்கூட ஒருமுறை பூசை முடிந்த கையோடு திட்டினாய். பாவம், அவர் பங்குச் சாமியாரிடம் திட்டு வாங்குகிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

ஸ்டெல்லாவின் விரலைப் பற்றியும் எழுத வேண்டும். உன் கடையில் பாதி உனக்கு, பாதி அவளுக்கு. இந்தப் பக்கம் நீ மதர்போர்டைப் பிரித்துப் போட்டிருப்பாய். அந்தப் பக்கம் அவள் மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் டைப் அடிப்பாள். கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் பக்கம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். திரையையும் பார்க்காமல் கீபோர்டையும் பார்க்காமல் மனு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள். பேப்பர் வெட்டும் மெஷினில் வலது கைச் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டு பாதி போனபிறகு, அந்த விரலுக்கு வரும் எழுத்துகளில் எல்லாம் வந்து வந்து நின்றாள். ஒரு மனு அடிக்க மதியம் ஆனது. ஒருநாள் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். அதற்கடுத்த நாள் அந்த மூன்று எழுத்துகளும் இடது கைப் பக்கத்துக்கு வந்துவிட்டன. நீ எங்கே என்ன மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பொட்டு ஒட்டிப் பழகிக்கொண்டாள். ஒரே மாதத்தில் பழைய வேகம் வந்தது. விரல் போனதையே மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

அதன் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. யாருடைய பிரிண்டரையோ கழற்றிக்கொண்டிருந்தவன் ஸ்க்ரூ டிரைவரோடு சரிந்துவிட்டாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். புதுச்சேரிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஸ்டெல்லாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் பண்ணினால் வாய்ப்பு இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது. பண்ணாவிட்டாலும் உறுதி சொல்ல முடியாது. சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “பண்ணலாமாண்ணே?” என்றாள்.

மச்சான், என் தலை தானாகவே நீ படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பியது. அவ்வளவு வருஷத்துப் பழக்கம். அந்த வார்த்தையைக் கேட்டால் நீ இருக்கும் பக்கம் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உன் பாதம் மட்டும் தெரிந்தது. அவளும் அங்கேதான் பார்த்தாள். பிறகு அவளே டாக்டரிடம் போய், “பண்ணுங்க சார்” என்றாள். பண்ணினார்கள். நீ கண் விழிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உன் அஞ்சலி போஸ்டரை வேறு கடையில் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். “வாணாம்ணே, அவுங்க எழுத்த தப்பா போட்ருவாங்க” என்று அவளே உட்கார்ந்து அடித்தாள். பொட்டு ஒட்டிய விசைகளில்தான்.

நீ போன பிறகு நம் குழுவில் யாரும் அப்டேட் பண்ணவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு திரையின் மூலையிலும் அந்த அறிவிப்பு வந்து வந்து போயிற்று. முதல் மாதம் யாரும் “பண்ணலாமா” என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது என்பது எல்லோருக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது. அப்புறம் நாராயணசாமி கேட்டார். குழுவில் போடாமல் எனக்குத் தனியாகப் போட்டார். உன்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன் என்பதால் எனக்கும் உன் வித்தை தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? நீ வேலை செய்யும்போது டீ வாங்கிவரத் தெரியும். “பாக்கலாம்ங்க” என்று மழுப்பினேன். மழுப்பி மழுப்பியே ஏழெட்டு மாதம் ஓட்டினேன்.

கடைசியில் ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டர்தான் கழுத்தைப் பிடித்தது. பிரவுசர் பழசாகிவிட்டது. அரசாங்கத்துத் தளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து எதிர்க் கடைக்குப் போனார்கள். பையனுக்கு அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான் இப்போது. ஒரு சனிக்கிழமை போன் பண்ணினாள்.

“அண்ணே, இதுக்கு மேல தாங்காது. கடைய நம்பித்தான் ஊடு ஓடுது. நீங்க வந்து பக்கத்துல இருங்க, பண்ணிரலாம். எதுனா ஆச்சுன்னா ரெண்டு பேரா பாத்துப்போம்.”

போனேன். நீ சொன்னபடியே செய்தேன். ஹோமில் இருந்த அவளுடைய ஃபைல்கள் அத்தனையையும் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தேன். வீட்டுச் சாமான் பத்திரம். அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கம்ப்யூட்டருக்கா உனக்கா என்று நான் கேட்கவில்லை. அப்டேட்டை அழுத்திவிட்டு இருவரும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஓரிரண்டு கேள்வி கேட்டது. உன்னுடைய பழைய அமைப்பை வைத்துக்கொள்ளவா, புதிதைப் போடவா என்றது. பயந்துகொண்டே எல்லாவற்றுக்கும் பழையதை வைத்துக்கொள் என்றேன். முடிந்து, மறுபடி எழுந்து வந்தது. பிரவுசர் திறந்தது. பிரிண்டர் அடித்தது. நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா சிரித்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு.

அப்புறம் உட்கார்ந்து ஒரு மனு அடித்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறவள் இல்லையா, என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். திரையில் குப்பை விழுந்துகொண்டிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன்.

மூன்று எழுத்துகளும் தங்கள் பழைய இடத்துக்கே போய்விட்டன. அந்தக் கேள்விகளில் ஒன்றிலும் இதைப் பற்றி அது கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் வைத்துக்கொள் என்றிருப்பேனே. கருத்துக்களத்தில் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அழாத குறையாக எழுதினேன். யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டார். அந்த எழுத்து வரிசை சிஸ்டத்தின் கோப்பில் இருக்கிறது, அப்டேட்டில் அதன் புதுப் பதிப்பு வந்தால் கேட்காமலே மேலே எழுதிவிடும், உங்கள் நண்பர் இதை ஹோமில் வைத்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், சிஸ்டக் கோப்பில் எந்த மடையனாவது கைவைப்பானா என்றார். உன்னை மடையன் என்றதற்கு எனக்குச் சண்டை போடத் தோன்றியது. ஆனால் அதே வார்த்தையைத்தான் நீ எங்களுக்குச் சொன்னாய், மச்சான். ஊருக்கெல்லாம் ஓதிவிட்டு நீயே போய்ச் சத்திரத்தில் வைத்திருக்கிறாய்.

பதிலை ஸ்டெல்லாவுக்குப் படித்துச் சொன்னேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

“அப்டேட்டு வந்தா அழிஞ்சிடும்னா, முன்னாடியும் எத்தினியோ வாட்டி அப்டேட்டு பண்ணாரே. அப்பல்லாம் அழியலியேண்ணே?”

“அழிஞ்சிருக்கும்மா” என்றேன்.

அவள் பொட்டு ஒட்டிய விசையொன்றைத் தடவினாள். பிறகு மெதுவாக, யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னாள்: “அப்டேட்டு அன்னிக்கு மட்டும் என்னய கடையில ஒக்கார வுட மாட்டாரு. போயி டீ போட்டு எடுத்தாம்பாரு. பையன இட்டாரச் சொல்லுவாரு. திரும்பி வந்தா முடிஞ்சிடுச்சு, ஒக்காரும்பாரு. நான் ஒக்காந்து அடிப்பேன்.” மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஒவ்வொரு முறையும் அழிந்து, ஒவ்வொரு முறையும் அவள் வருவதற்குள் நீ மறுபடி மாற்றி வைத்திருக்கிறாய். முதல் தடவை அவசரத்தில் செய்திருப்பாய். அப்புறம் சரியான இடத்துக்கு மாற்ற அரை மணி நேரம் போதாதா உனக்கு? ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் நேரம் இருந்ததே. பஸ் முழுக்க நான் போட்ட சண்டை இதுதான். நாம்தான் இருக்கிறோமே, அடுத்த முறையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாய். நீ இருப்பாய் என்று நாங்கள் நம்பியது போதாதென்று நீயும் நம்பியிருக்கிறாய். கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது.

நானும் மாற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் எண்ணாகவும் குறியாகவும் இருந்தது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று போயிற்று. ஒருமுறை மொத்தக் கீபோர்டுமே செத்து, யார் யாரிடமோ கெஞ்சித் திருப்பிக் கொண்டுவந்தேன். உன் பழைய கோப்பு இருந்தால் அனுப்புங்கள், ஐந்து நிமிஷத்தில் சரிபண்ணித் தருகிறேன் என்றார் அந்தப் புண்ணியவான். உன் லேப்டாப்பில் தேடினேன். அதில் நீ கடைசியாகக் குடிபோன டிஸ்ட்ரோ இருக்கிறது, அந்தக் கோப்பு இல்லை. விரலிலேயே வைத்திருந்திருக்கிறாய். “வுடுண்ணே” என்றாள் ஸ்டெல்லா. இப்போது மோதிர விரலை நீட்டி நீட்டி அடிக்கிறாள். இன்று நான் பார்த்தபோது ஒரு மனுவுக்கு இரண்டு முறை எழுந்துபோய்க் கையை உதறிவிட்டு வந்தாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த பயத்தில்தான், வீட்டுக்கு வந்ததும் குழுவில் ஒரு செய்தி போட்டேன். நீ போன பிறகு அங்கே நான் எழுதிய முதல் செய்தி. “அவர் உங்கள் கம்ப்யூட்டரில் தனியாக ஏதாவது மாற்றி வைத்திருந்தால் சொல்லுங்கள். அப்டேட் பண்ணுவதற்கு முன் அதை எடுத்து வைத்துவிடலாம்.” நாராயணசாமி ஒரு கும்பிடு போட்டார். சாயங்காலம் உபதேசியார் போன் பண்ணினார்.

“தம்பி, மெசேஜ் பாத்தேன். நம்ம ஆபீஸ் மெஷின்ல அப்பிடி ஒண்ணும் இல்லப்பா. அவரு பூசைக்கு வருவாரு, முடிஞ்சதும் ஆபீஸ்ல வந்து சும்மா கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசிட்டு இருப்பாரு. கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிக்கினே இருப்பாரு, போயிடுவாரு. வேலைன்னு ஒண்ணுமே வச்சதில்ல நம்ம மெஷினு. எல்லாம் அதுவாவே ஓடுது.”

நீ அங்கே எதைத் தட்டினாய் என்று இனி யாரைக் கேட்பது, மச்சான்?

“அப்ப பண்ணிடலாமா?” என்றார்.

“கொஞ்சம் நில்லுங்க” என்றேன்.

“நிக்கிறோம். எத்தினி நாளைக்குத் தம்பி?”